சிமெண்டுக்குள் திரியும் காரம்

அப்பளம் இடுகிறவர்களிடம் காரம் என்று சொன்னால் மிளகாயை நினைக்க மாட்டார்கள். அப்பளக் காரத்தைத்தான் நினைப்பார்கள். நம் ஸ்ரீவராகத்தில் பப்படக் காரம் என்றும் சொல்வோம். உளுந்து மாவில் அதை அளவாகச் சேர்த்தால் அப்பளம் எண்ணெயில் பொரிந்து விரியும். அளவு கூடினால் வாயில் வைக்க முடியாது. மாவு பிசையும் கையும் எரியும்.

அந்தக் காரத்தில் இருப்பது சோடியம். அதற்கு ஒரு தம்பி உண்டு. பெயர் பொட்டாசியம். விறகுச் சாம்பலில் இருப்பது இந்தத் தம்பி. சாம்பல் கரைத்த தண்ணீரில் துணி வெளுத்த காலம் பாட்டிமாருக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் விரலில் வழுவழுவென்று இருக்கும். அதுதான் காரத்தின் அடையாளம்.

இந்த அண்ணனும் தம்பியும் சிமெண்டிலும் இருக்கிறார்கள். நம்மில் பலர் கட்டிட வேலைக்குப் போகிறோம். சிலர் கொத்தனார். சிலர் சித்தாள். சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த வீடு கட்டுகிறோம். எல்லோருமே சிமெண்டுக் காரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மூட்டையில் எவ்வளவு?

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைக்கிறார்கள். பெரிய சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். சுட்டு வரும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். அதை மாவாக அரைத்தால் சிமெண்டு. காரம் பெரும்பாலும் களிமண்ணோடு வந்து சேர்கிறது. யாரும் வேண்டும் என்று போடுவதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். காரம் குறைந்த சிமெண்டு என்றால் 100 கிலோவில் 600 கிராமுக்கு மேல் காரம் இருக்கக் கூடாது. இது இந்தியத் தர விதி. அப்படியானால் 50 கிலோ மூட்டையில் 300 கிராம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள கான்கிரீட்டுக்கு 8 மூட்டை சிமெண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 × 300 = 2400. அதாவது 2 கிலோ 400 கிராம் காரம்.

சில சிமெண்டில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ வரை காரம் இருக்கும். அப்போது அதே 8 மூட்டையில் 4 கிலோ காரம் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தக் காரம் முழுவதும் கெடுதல் செய்வதில்லை. கல்லோடு கல்லாகக் கட்டுண்டு கிடக்கும் காரத்தால் தொல்லை இல்லை. திரிகிற காரம்தான் தொல்லை. கான்கிரீட் பார்ப்பதற்குப் பாறை போல இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அந்தத் துளைகளில் தண்ணீர் இருக்கும். காரம் அந்தத் தண்ணீரில் கரையும். கரைந்ததும் மிக மிகச் சிறிய துகள்களாகப் பிரியும். இந்தத் துகளுக்கு அயனி என்று பெயர். தண்ணீர் போகும் இடமெல்லாம் அயனியும் போகும்.

சுவரில் வெள்ளைப் பூ

நம் ஊரில் மழை இரண்டு முறை. இடவப்பாதி ஒன்று, துலாம் மழை ஒன்று. இடையில் வெயில் அடிக்கும். நனைந்த சுவர் காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வெளிப்பக்கம் வரும். கூடவே காரமும் வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். காரம் போகாது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகச் சுவரில் நிற்கும். உப்புப் பூத்திருக்கிறது என்று சொல்கிறோமே, அதில் ஒரு வகை இது.

ஒரு வகை என்று சொல்லக் காரணம் உண்டு. சுவரில் தெரியும் வெள்ளையெல்லாம் சிமெண்டுக் காரம் ஆகாது. செங்கல்லில் இருந்தும் உப்பு வரும். கழுவாத கடல் மணலில் இருந்தும் வரும். தரையிலிருந்து ஈரத்தோடு ஏறியும் வரும். சில நேரம் அது சுண்ணாம்பு. ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வெள்ளைத் தூளைச் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். கரைந்துவிட்டால் அது உப்பு அல்லது காரம். கரையாமல் அடியில் நின்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு.

பூத்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பலருடைய பழக்கம். கழுவினால் காரம் கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். காய்ந்ததும் திரும்ப வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிவிடுவது நல்லது. அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது காசுக்குக் கேடு. பெயிண்ட் உரிந்து வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் அண்ணன் பூசிய சுவரில் இப்படிப் பூத்தது. பூச்சு சரியில்லை என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. சிமெண்டு எது, மணல் எது என்று முடிவு செய்தவர் அவர் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பழி மட்டும் அவர்மேல் வந்தது.

அணையை வீங்க வைத்த காரம்

வெள்ளைப் பூ அழகைத்தான் கெடுக்கும். காரம் செய்யும் பெரிய கேடு வேறு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் தாமஸ் ஸ்டான்டன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அங்கே நல்ல முறையில் போட்ட கான்கிரீட் சில ஆண்டுகளில் வெடித்தது. வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு போலப் பாளம் பாளமாக விரிசல் விட்டது. ஏன் என்று அவர் ஆராய்ந்தார். 1940இல் விடையை வெளியிட்டார்.

விடை இதுதான். சில வகைக் கல்லில் உள்ள சிலிக்கா காரத்தில் கரையும். சிலிக்கா என்றால் மணலிலும் கல்லிலும் இருக்கும் சத்து. எல்லா சிலிக்காவும் கரையாது. ஒழுங்கான படிகமாக இருந்தால் கரைவது கடினம். ஒழுங்கு கெட்டிருந்தால் கரையும். கரைந்ததும் ஒரு பசை உண்டாகும். அந்தப் பசை ஜவ்வரிசி மாதிரி. தண்ணீரைக் குடித்து வீங்கும். ஜவ்வரிசி பாத்திரத்தில் வீங்கினால் பாயசம். கான்கிரீட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் கான்கிரீட்டைப் பிளக்கும்.

இந்த நோய்க்கு மூன்று பேர் கூட வேண்டும். திரிகிற காரம், கரையும் கல், தண்ணீர். மூவரில் ஒருவர் வராவிட்டால் நோய் வராது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஒடிசாவில் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை இருக்கிறது. 1957இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அதன் கலிங்குப் பகுதியில் விரிசல்கள் கண்டன. காரணம் காரமும் கல்லும் சேர்ந்த இந்த வினைதான் என்று பிறகு தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் ரிஹாண்ட் அணை இருக்கிறது. 1962இல் கட்டி முடித்தார்கள். அதன் மின் நிலையக் கட்டிடமும் இதே நோயால் விரிசல் கண்டது. கட்டிடம் வீங்கினால் உள்ளே சுழலும் இயந்திரம் நேராக நிற்குமா? அந்தச் சங்கடமும் அங்கே வந்தது.

இந்தியாவில் கண்ட இத்தகைய விரிசல்களில் பெரும்பாலும் குற்றவாளி நெருக்குண்ட குவார்ட்ஸ் என்னும் கனிமம். பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டு நசுங்கியதால் அதன் ஒழுங்கு கெட்டிருக்கும். கருங்கல் வகைகளில் இது இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நோயும் மெதுவாகத்தான் வரும். பத்து, இருபது ஆண்டு கழித்து வரும். அதற்குள் கட்டியவர் வேறு ஊர் போயிருப்பார்.

பயப்பட வேண்டாம். சாதாரண வீட்டின் உள்சுவருக்கு இந்த நோய் வருவது அரிது. எப்போதும் ஈரத்தில் நிற்கும் கட்டுமானத்துக்குத்தான் ஆபத்து. அணை, பாலத்தின் கால், தண்ணீர்த் தொட்டி, ஆற்றங்கரை அடித்தளம், இப்படி.

இரும்பு உலையின் கசடு

இனி சிலாக் சிமெண்டுக்கு வருவோம். பிலாய், ரூர்கேலா, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் பெரிய உலைகளில் இரும்பை உருக்குகிறார்கள். இரும்புத் தாதுவில் உள்ள அழுக்கும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து உருகி மேலே மிதக்கும். சோறு வடிக்கும்போது நுரை மிதப்பது போல. அதுதான் கசடு. சிலாக் என்று சொல்வதும் அதைத்தான். ஒரு டன் இரும்பு எடுத்தால் ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ கசடு வரும். கொதிக்கும் கசடின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். அது கண்ணாடி போன்ற மணலாக உதிரும். அதைக் கிளிங்கரோடு அரைத்தால் சிலாக் சிமெண்டு. 100 கிலோவில் 25 முதல் 70 கிலோ வரை கசடு இருக்கலாம் என்பது இந்திய விதி.

கசடு சோம்பேறி. வெறும் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகாது. அதை யாராவது எழுப்ப வேண்டும். சிலாக் சிமெண்டில் கிளிங்கரில் இருந்து வரும் சுண்ணாம்பும் காரமும் அதை எழுப்புகின்றன.

கிளிங்கரே இல்லாமல் கசடை மட்டும் வைத்துச் சிமெண்டு செய்ய முடியுமா? முடியும். உக்ரைன் நாட்டின் கீவ் நகரத்தில் விக்டர் குளுகோவ்ஸ்கி என்ற அறிஞர் 1950களில் இதைச் செய்து காட்டினார். காஸ்டிக் சோடா, நீர்க்கண்ணாடி போன்ற கடுங்காரத்தைக் கரைத்துக் கசடில் ஊற்றினார். கசடு இறுகிக் கல்லானது. சூளைச் செலவு மிச்சம். புகையும் குறைவு. இந்தியாவிலும் இவ்வகைக் கான்கிரீட்டில் முன்னதாகவே வார்த்தெடுக்கும் பொருள்கள் செய்ய 2020இல் இந்தியத் தர நிறுவனம் வழிகாட்டி வெளியிட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். 100 கிலோ கசடுக்கு 4 கிலோ காரம், சில நேரம் அதற்கும் மேல் ஊற்ற வேண்டியிருக்கிறது. சாதாரணச் சிமெண்டில் இருப்பதோ ஒரு கிலோவுக்குள். கசடை எழுப்பியாயிற்று. எழுப்ப வந்த காரம் முழுவதும் வேலை முடிந்ததும் அடங்கி உட்காருமா? உட்காராமல் மிஞ்சும் பகுதி துளைத் தண்ணீரில் திரியும். கட்டையின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கல் மோசமானதாக இருந்தால் வீக்கமும் வரலாம். ஆகவே திரியும் காரத்தைப் பிடித்து உட்கார வைக்க வழி தேட வேண்டியிருந்தது.

பிடித்து உட்கார வைக்கும் தூள்கள்

கிழக்கேகோட்டை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை எல்லாம் நிறைந்துவிட்டால் மற்றவர்கள் நின்றுகொண்டும் நகர்ந்துகொண்டும்தான் போக வேண்டும். சிமெண்டு இறுகும்போது உண்டாகும் பசையும் அப்படித்தான். சாதாரணச் சிமெண்டுப் பசையில் சுண்ணாம்பு அதிகம். இருக்கையை எல்லாம் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். சோடியமும் பொட்டாசியமும் நின்றுகொண்டு திரியும்.

இப்போது சிலிக்கா நிறைந்த நைசான தூள் ஒன்றைச் சேர்க்கிறோம். அது மிச்சச் சுண்ணாம்போடு சேர்ந்து புதிய பசை உண்டாக்கும். இந்தப் பசையில் சுண்ணாம்பு குறைவு, சிலிக்கா அதிகம். அதாவது பஸ்ஸில் காலி இருக்கை வந்துவிட்டது. காரம் உட்காரும்.

தூளில் அலுமினியச் சத்தும் இருந்தால் இன்னும் நல்லது. பசையின் கட்டமைப்பில் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் போய் உட்காரும். சிலிக்கானுக்கு மின் கணக்கு நான்கு. அலுமினியத்துக்கு மூன்று. அங்கே ஒன்று குறையும். அந்தக் குறையை நிரப்ப ஒரு சோடியமோ பொட்டாசியமோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். அப்படி நிரப்ப வந்தது எளிதில் வெளியே போகாது. காரத்துக்கு இருக்கை மட்டுமல்ல, பெயர் எழுதிய இருக்கையே கிடைத்துவிட்டது. கடுங்காரம் ஊற்றிய கசடுச் சிமெண்டில் அலுமினியச் சத்துள்ள தூளைத் தேடிச் சேர்ப்பது இதனால்தான்.

இன்னொரு பலனும் உண்டு. நைசான தூள் நுண்துளைகளை அடைத்துவிடும். துளை குறுகினால் தண்ணீர் போக்குவரத்து குறையும். திரியும் காரத்துக்கும் வழி குறையும். எல்லாக் காரமும் பிடிபடும் என்று சொல்ல முடியாது. கெடுதல் செய்யாத அளவுக்குக் குறைந்தால் போதும்.

எந்தத் தூள்? அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் ஒன்று. தூத்துக்குடி, மேட்டூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சிலிக்காப் புகை என்று இன்னொன்று. சிலிக்கான் உலோக ஆலையில் கிடைக்கும். விலை அதிகம். கசடே கூட ஒரு வகையில் மருந்துதான். கசடு தன் காரத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கும். மெதுவாகத்தான் விடும். கரையும் கல்லாக இருந்தால் காரம் குறைந்த சிமெண்டை எடுத்து, அதில் சாம்பல் 100க்கு 20 பங்காவது, அல்லது கசடு 100க்கு 50 பங்காவது இருக்கும்படி சேர்த்தால் மேலும் பாதுகாப்பு என்று இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்கிறது. ஆகவே கசடு இருக்கிறது என்ற பெயருக்காகச் சிமெண்டை நம்பக் கூடாது. 25 பங்குக் கசடும் 60 பங்குக் கசடும் ஒன்றல்ல.

நம் ஊர் வெள்ளை மண்

எனக்குப் பிடித்த தூள் மெட்டாகயோலின். பெயர் வாயில் நுழையாது. பொருள் நம் ஊர்ப் பொருள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னக்கல், கொல்லம் பக்கத்தில் குண்டறை, இங்கெல்லாம் மண்ணுக்கடியில் வெள்ளைக் களிமண் உண்டு. சீனக் களிமண் என்பார்கள். பீங்கானுக்கும் காகிதத்துக்கும் பெயிண்டுக்கும் போகிற மண். இதை ஏறத்தாழ 700 டிகிரி சூட்டில் சுட்டால் மண்ணுக்குள் கட்டுண்ட தண்ணீர் வெளியேறும். அதன் ஒழுங்கு குலைந்துவிடும். குலைந்த மண்ணுக்குச் சுண்ணாம்பையும் காரத்தையும் பிடிக்கும் பசி வந்துவிடும். அதுவே மெட்டாகயோலின். அலுமினியம், சிலிக்கா இரண்டும் அதில் நிறைய உண்டு. 100 கிலோவில் 10 முதல் 15 கிலோ சேர்த்தாலே நல்ல பலன்.

சூடு முக்கியம். குறைந்தால் மண் மண்ணாகவே இருக்கும். மிகக் கூடினால் மறுபடி ஒழுங்காகிப் பசி போய்விடும். நம் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. களிமண் ஆராய்ச்சி அங்கே பழைய வேலை. சென்னை ஐ.ஐ.டி., தில்லி ஐ.ஐ.டி. இரண்டும் சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த புதுச் சிமெண்டை ஆராய்ந்தன. 2023இல் அதற்கு இந்தியத் தர விதி வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மூத்த கொத்தனார், "இது சுர்க்கிதானே?" என்று கேட்டார். சரியான கேள்வி. சுர்க்கி என்றால் செங்கல் தூள். சுட்ட களிமண்தான். சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். பென்னி குயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அதன் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். அந்த அணையைப் பற்றிய வழக்கும் வாதமும் வேறு விஷயம். அதை இங்கே பேச வேண்டாம். நம் நகரத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரும் சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தை விடாமல் ஆதரித்தார். அவர் 2007இல் காலமானார்.

சுர்க்கிக்கு அளவாகச் சுட்ட செங்கல் வேண்டும், உருகிக் கறுத்த செங்கல் ஆகாது என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். மெட்டாகயோலினுக்குச் சொன்ன சூட்டுக் கணக்கும் அதுதான். அவர்கள் வெப்பமானி இல்லாமல் நிறம் பார்த்தும் தட்டிப் பார்த்தும் சொன்னார்கள்.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல

இங்கே ஒரு எச்சரிக்கை. சாம்பல் நல்லது என்று கேட்டதும் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கலவையில் போடக் கூடாது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்தோம். அது தண்ணீர் பட்டதும் கரைந்து வரும். காரத்தைப் பிடிக்கப் போய்க் காரத்தைக் கொட்டியதாகும். நிலக்கரிச் சாம்பலிலும் காரம் உண்டு. ஆனால் பெரும் பகுதி கண்ணாடி மணிக்குள் பூட்டிக் கிடக்கும். தேங்காய் மட்டைச் சாம்பல், சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு செங்கல் பொடி, இவற்றையும் சோதிக்காமல் சேர்க்க வேண்டாம்.

சோதனை எப்படி? ஜல்லியை இடித்து மணலாக்கிச் சிமெண்டோடு சேர்த்துச் சிறிய கட்டைகள் வார்ப்பார்கள். அவற்றை 80 டிகிரி சூடுள்ள காஸ்டிக் சோடாத் தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு வைப்பார்கள். பிறகு நீளம் அளப்பார்கள். 25 சென்டிமீட்டர் அளவு கால் மில்லிமீட்டருக்குக் குறைவாக நீண்டால் கவலை இல்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் அந்தக் கல்லைச் சந்தேகிக்க வேண்டும். தூளைச் சேர்த்தும் சேர்க்காமலும் வார்த்துப் பார்த்தால் எந்தத் தூள் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது தெரிந்துவிடும். இது ஆய்வுக்கூட வேலை. அணைக்கும் பாலத்துக்கும் இதைச் செய்யாமல் கல் வாங்கக் கூடாது.

வேலை இடத்தில்

நம் கையில் இருப்பது என்ன? முதலில் மூட்டையைப் படிக்கலாம். ஓ.பி.சி. என்றால் சாதாரணச் சிமெண்டு. பி.பி.சி. என்றால் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்தது. சாம்பல் எத்தனை சதவீதம் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும். பி.எஸ்.சி. என்றால் கசடு சேர்ந்தது. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் மூன்று எழுத்துதான். ஒரு நாளில் பழகிவிடலாம். எண் எந்த மொழியிலும் அதே எண்தான்.

அடுத்தது தண்ணீர். நைசான தூள் சேர்ந்த கலவை தண்ணீரை அதிகம் இழுக்கும். மெட்டாகயோலின் சேர்ந்தால் கலவை கெட்டியாகக் கையில் ஒட்டும். உடனே இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண். அதிகத் தண்ணீர் அதிகத் துளை. அதிகத் துளை என்றால் காரத்துக்கு அகலமான வழி. கலவையை இளக்கத் தண்ணீரைக் குறைக்கும் மருந்து தனியாக விற்கிறது. பொறியாளரைக் கேட்டு அதைச் சேர்க்க வேண்டும்.

பிறகு நனைப்பு. சாம்பலும் கசடும் மெதுவாக வேலை செய்பவை. ஈரம் இருக்கும்வரைதான் காரத்தைப் பிடிக்கும் பசையை உண்டாக்கும். ஓ.பி.சி. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நனைப்பு என்றால் இவற்றுக்குக் குறைந்தது 10 நாள். வெயில் காலத்தில் 14 நாள் வரை நனைப்பது நல்லது. மூன்றாம் நாளே குழாயை மூடிவிடும் கான்டிராக்டர்களைப் பார்க்கிறோம். அங்கே நல்ல சிமெண்டு வாங்கிய காசு பாதி போகிறது. நனைக்கும் வேலை சித்தாள் அக்காமாருடையது. எத்தனை நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டதற்காக யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியாக உடம்பு. சுவரைக் கெடுக்கும் அதே காரம் கையையும் தின்னும். ஈரச் சிமெண்டு முதலில் வலிக்காது. மாலையில்தான் எரியும். மறுநாள் புண்ணாகும். சாந்துச் சட்டியைத் தொடும் கைக்கு ரப்பர் உறை வேண்டும். உறைக்குள் சாந்து போய்விட்டால் கழற்றிக் கழுவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். நனைந்த துணியோடு நாள் முழுவதும் நிற்கக் கூடாது. கடுங்காரம் ஊற்றும் கசடுச் சிமெண்டு இன்னும் ஆபத்தானது. ஆலையில் பழகியவர்கள் கண்ணாடி, உறை எல்லாம் அணிந்து செய்ய வேண்டிய வேலை அது. காஸ்டிக் சோடா வாங்கி வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கக் கூடாது.

கண்ணில் பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கசக்கக் கூடாது. இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சை எதுவும் விடக் கூடாது. அதன் பிறகு நேரே கண் ஆஸ்பத்திரி. நம் நகரத்தில் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போய்ச் சிமெண்டு பட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.